மறுமுனையில் இருப்பவர் யார்?



அஞ்சல்காரர் நம் வீட்டு வாயிலுக்கு வந்து கடிதம் தருவது ஒரு முறை. நாமே அஞ்சல் நிலையத்துக்கு நடந்து சென்று, "எனக்குக் கடிதம் வந்துள்ளதா?" என்று நாழிகைக்கு ஒரு தரம் கேட்டுத் திரும்புவது மற்றொரு முறை. இணையத்தில் நாம் காணும் பக்கங்கள் பெரும்பாலும் இரண்டாம் முறையிலேயே நம்மை வந்தடைகின்றன. உலாவி கேட்கிறது, சேவையகம் என்னும் தொலைவிலுள்ள கணிப்பொறி விடை தருகிறது, அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. மீண்டும் ஒன்று வேண்டுமானால் மீண்டும் கேட்கவேண்டும். எச்.டி.டி.பி. என்ற நெறிமுறையின் இயல்பு இது.

தேர்வு முடிவைப் பார்ப்பதற்கும் கட்டுரையொன்றைப் படிப்பதற்கும் இம்முறை போதும். கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டக்கணக்கோ, நண்பர் எழுதும் செய்தியோ, சந்தையில் நொடிக்கு நொடி மாறும் விலையோ அப்படிப்பட்டவை அல்ல. எப்போது புதிய செய்தி பிறக்கும் என்பது கேட்பவருக்குத் தெரியாது; சேவையகத்துக்கே தெரியும். ஆகவே முற்காலத்தில் உலாவி ஓயாமல் "ஏதேனும் உண்டா, ஏதேனும் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பத்தில் ஒன்பது முறை "ஒன்றும் இல்லை" என்பதே விடையாக வந்தாலும், ஒவ்வொரு கேள்வியோடும் நூற்றுக்கணக்கான பைட்டுகள் வீணே சுமந்து செல்லப்பட்டன. இந்த வீண் உழைப்பைப் போக்கவே, ஒருமுறை திறந்தால் இரு முனையும் விரும்பியபோது பேசிக்கொள்ளக்கூடிய ஒரு வழியை வகுத்தார்கள். அதற்கு வெப்சாக்கெட் என்ற பெயர் 2008ஆம் ஆண்டில் அமைந்தது. 2011 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 6455 என்ற ஆவணமாக அது முறைப்படி வெளிவந்தது. கணிப்பொறித் திரையில் நீங்கள் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து வைத்திருக்கும்போது, நீங்கள் ஒன்றும் கேளாமலே செய்திகள் வந்து விழுகின்றன அல்லவா? அது இவ்வழியாகத்தான். சிறு செய்தி ஒன்றைச் சேவையகம் அனுப்பும்போது அதன் மேலுறையாக ஆகும் செலவு 2 பைட்டுகளே.

இவ்வழியை உலாவியின் துணையின்றி, நாமே எழுதும் சிறு நிரலிலிருந்து, பாதுகாப்பாக எவ்வாறு திறப்பது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். பணி ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். ஓய்வுக்குப் பின் பைத்தான் கற்றேன். கற்றதைச் சொல்லாமல் இருக்க ஆசிரியனால் இயலாது, அவ்வளவே.

நான் வாழும் அம்மையார்குப்பம், திருத்தணிப் பகுதியில் ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவாளர் ஊர். திருத்தணி வட்டாரம் முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு இடம் மாறிற்றேயன்றி, மக்களின் நாவில் இரண்டு மொழிகளும் இருந்தபடியே இருக்கின்றன. எங்கள் பக்கத்துச் சந்தையில் முன்பின் அறியாத இருவர் சந்தித்தால் பேச்சு தெலுங்கில் தொடங்குவதுண்டு. இரண்டொரு சொல் ஆனதும் ஒருவர், "ஐயா, தமிழிலேயே பேசலாமே" என்பார். மற்றவர், "ஆகட்டும்" என்பார். அந்த நொடியிலிருந்து பேச்சு தமிழில் நடக்கும்.

வெப்சாக்கெட் திறக்கப்படும் முறை ஏறக்குறைய இதுவே. நம் நிரல் முதலில் வழக்கமான எச்.டி.டி.பி. மொழியில்தான் சேவையகத்தை அணுகுகிறது. அந்த வேண்டுகோளிலேயே, "இனி வெப்சாக்கெட் மொழிக்கு மாறலாமா?" என்று ஒரு வரி இருக்கும். சேவையகம் இசைந்தால் 101 என்ற எண்ணோடு விடை அனுப்பும். நெறிமுறையை மாற்றிக்கொள்கிறேன் என்பது அவ்வெண்ணின் பொருள். வேறு எண் வந்தால் இசையவில்லை என்று அறியலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மறுமுனையில் இருப்பது உண்மையிலேயே வெப்சாக்கெட் அறிந்த சேவையகமா, அன்றி எதைக் கேட்டாலும் தலையாட்டும் ஏதோ ஓர் இடைக்கருவியா என்று தெரியவேண்டும். ஆகவே நம் நிரல் 16 பைட்டுகளைத் தற்செயலாகத் தேர்ந்து, 24 எழுத்துக்களாக மாற்றி அனுப்புகிறது. சேவையகம் அதனோடு, நெறிமுறையிலேயே அச்சிடப்பட்டுள்ள 36 எழுத்துத் தொடர் ஒன்றைச் சேர்த்து, ஷா-1 என்னும் கணக்கு முறையில் அரைத்து, கிடைத்ததைத் திருப்பி அனுப்புகிறது. நம் நிரலும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறது. விடை பொருந்தினால் மறுமுனைக்கு இம்மொழி தெரியும் என்று கொள்ளலாம். இவ்வளவும் நூலகங்கள் தாமே செய்துவிடுவன. நீங்கள் எழுதவேண்டியது ஒரே வரிதான். ஆயினும் இதை விளக்கியதற்குக் காரணம் உண்டு. இந்தச் சாவிச் சடங்கைக் கண்டு, இதுவே பாதுகாப்பு என்று எண்ணிவிடும் மாணவர் பலர். இது பூட்டு அன்று. அந்த 36 எழுத்துத் தொடரை உலகமே அறியும். யார் வேண்டுமானாலும் சரியான விடை தரலாம். மொழி தெரிந்தவர் என்று அறிவதும் இன்னார் என்று அறிவதும் வெவ்வேறு.

இன்னார் என்று அறிவதற்கான ஏற்பாடு வேறிடத்தில் இருக்கிறது. வெப்சாக்கெட் முகவரி இரண்டு வகை. டபிள்யூ.எஸ். என்று தொடங்குவது ஒன்று, டபிள்யூ.எஸ்.எஸ். என்று தொடங்குவது மற்றொன்று. முன்னது பொதுவாக 80ஆம் எண் வாயில் வழியாகவும், பின்னது 443ஆம் எண் வாயில் வழியாகவும் செல்லும். மிகுதியாக உள்ள அந்த ஓர் எஸ் எழுத்து, பாதுகாப்பைக் குறிப்பது. டி.எல்.எஸ். என்ற வேறொரு நெறிமுறை முதலில் இயங்கி, மறையாக்கப்பட்ட குழாய் ஒன்றை அமைக்கும். மொழிமாற்ற வேண்டுகோள் முதலிய யாவும் அந்தக் குழாய்க்குள்ளேதான் நடைபெறும். முதலில் பூட்டு, பிறகே பேச்சு. 2018இல் வெளிவந்த டி.எல்.எஸ். 1.3 இவ்வேலையை முன்னிலும் விரைவாக முடிக்கிறது.

இந்தக் குழாய் மூன்று காரியங்களைச் செய்கிறது. வழியில் இருப்பவர் படிக்க முடியாதபடி மறைக்கிறது. வழியில் எவரும் திருத்தினால் காட்டிக்கொடுக்கிறது. மறுமுனையில் இருப்பவர் யார் என்பதை மெய்ப்பிக்கிறது. முதல் இரண்டையும் எல்லாரும் அறிவர். மூன்றாவதைத்தான் மறந்துவிடுகிறார்கள்; அது இல்லையேல் மற்ற இரண்டும் பயனற்றுப்போகும். திருடன் ஒருவனோடு மிகுந்த இரகசியமாகப் பேசினால் யாருக்கு இலாபம்?

மூன்றாவது காரியத்துக்குக் கருவி சான்றிதழ். பள்ளியிலிருந்து நீங்கள் பெற்ற மாற்றுச் சான்றிதழை நினைத்துக்கொள்ளுங்கள். நானே ஆயிரக்கணக்கில் கையொப்பமிட்டிருக்கிறேன். தொலைவில் உள்ள வேறொரு பள்ளியின் தலைமையாசிரியர் அந்த மாணவனை முன்பின் கண்டதில்லை. எனினும் சேர்த்துக்கொள்கிறார். ஏன்? சான்றிதழில் ஒரு பள்ளியின் முத்திரை இருக்கிறது. அந்தப் பள்ளிக்கு ஏற்பளித்த கல்வித்துறை அவரும் அறிந்த ஒன்று. நம்பிக்கை படிப்படியாக இறங்கி வருகிறது. இணையத்திலும் இவ்வாறே. சான்றளிப்பு நிறுவனம் ஒன்று சேவையகத்துக்குச் சான்றிதழ் தருகிறது. அந்நிறுவனத்துக்கு மேலே ஒரு மூல நிறுவனம். அம்மூல நிறுவனத்தின் பெயர் நம் கணிப்பொறியிலுள்ள நம்பிக்கைப் பட்டியலில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும்.

முத்திரை மெய்யாயிருந்தால் மட்டும் போதுமா? போதாது. நல்ல தலைமையாசிரியர் இன்னும் சில பார்ப்பார். சான்றிதழில் உள்ள பெயர் வந்து நிற்கும் பையனின் பெயர்தானா? வேறொருவனின் மெய்யான சான்றிதழைக் கொண்டு வருவதும் மோசடியே. ஆகையால் நம் நிரலும், தான் தேடிச் சென்ற தளத்தின் பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்க்கவேண்டும். அடுத்தது, காலம் கடந்த சான்றிதழா என்பது. இறுதியாக, சான்றிதழில் அங்க மச்ச அடையாளம் என்று ஒரு பத்தி உண்டு. காகிதத்தைப் படியெடுக்கலாம், வலது தோளில் உள்ள மச்சத்தை இரவல் தர இயலாது. சேவையகத்தின் தனிச்சாவி அந்த மச்சம் போன்றது. சான்றிதழை எவரும் நகலெடுக்கலாம்; அதற்குரிய தனிச்சாவி தன்னிடம் உள்ளது என்று கணக்கினால் மெய்ப்பிக்க அச்சேவையகம் ஒன்றாலேயே முடியும்.

இவ்வளவு சோதனையும் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுவோருக்காக, நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2014 ஜூலை 2ஆம் நாள், தன் தளப்பெயர்களுக்குத் தான் கேளாத சான்றிதழ்கள் சில வழங்கப்பட்டிருப்பதைக் கூகுள் நிறுவனம் கண்டது. வழங்கியது இந்திய அரசின் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவு. அதற்கு மேலே இருந்தது, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி அமைந்த சான்றளிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளர் அலுவலகம். அவ்வலுவலகத்தின் மூலச் சான்றிதழ் விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் இருந்தமையால், அப்பொய்ச் சான்றிதழ்களை வைத்திருப்பவர் கூகுளாக வேடமிடக்கூடிய நிலை. மறுநாளே கட்டுப்பாட்டாளர் அப்பிரிவின் இடைநிலைச் சான்றிதழ்களை நீக்கினார். சான்றிதழ் வழங்கும் முறையே கெடுக்கப்பட்டிருந்தது என்று பின்னர் அறிவித்தார்கள். அதன் பின் கூகுள் தன் குரோம் உலாவியில், அந்த இந்திய மூலச் சான்றிதழை அரசுத் தளங்கள் முதலான ஏழு தளப்பெயர்களுக்கு மட்டுமே செல்லுமாறு வரையறுத்தது.

ஒரு முத்திரை தவறான கைக்குப் போனதற்கே இவ்வளவு பரபரப்பு. முத்திரையைப் பார்க்கவே மாட்டேன் என்று ஒரு நிரல் தானாக முடிவுசெய்தால் என்ன ஆகும்? அதைத்தான் நம் மாணவர் பலர் நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

எங்கள் ஊர் மாணவர் ஒருவர், நெசவாளர் வீட்டுப் பிள்ளை, பொறியியல் படிப்பவர். விடுமுறையில் வந்தவர் தாம் எழுதிய நிரலை என்னிடம் காட்டினார். பங்குச்சந்தை விலைகளை வெப்சாக்கெட் வழியே பெறும் நிரல் அது. (மாணவர்கள் பங்குச்சந்தையில் இறங்கவேண்டுமா என்பது வேறு கேள்வி, என் கருத்து, வேண்டா.) நிரல் நன்றாகவே ஓடிற்று. ஆனால் அதனுள்ளே இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று, தளப்பெயரைச் சரிபார்க்காதே என்றது. மற்றொன்று, சான்றிதழையே சோதிக்காதே என்றது. "இவை எதற்கு, தம்பி?" என்றேன். "பிழை வந்துகொண்டே இருந்தது ஐயா, எங்கோ பார்த்து இந்த இரண்டு வரியையும் சேர்த்தேன், நின்றுவிட்டது" என்றார்.

உலாவியில் இது எளிதில் நடவாது. சான்றிதழ் பொருந்தாவிடில் உலாவி வெப்சாக்கெட்டைத் திறக்கவே திறக்காது. பாதுகாப்புள்ள பக்கத்திலிருந்து டபிள்யூ.எஸ். என்ற பூட்டில்லாத முகவரியை நாடினாலும் பொதுவாக மறுத்துவிடும். பக்கத்தை எழுதியவர் அதைத் தம் நிரலினால் மாற்ற முடியாது. நம் கையால் எழுதும் தனி நிரலில் அந்தக் காவலர் இல்லை. பைத்தான் மொழியே 2014 டிசம்பரில் வந்த 2.7.9 பதிப்புக்கு முன்பு வரை, அதன் 2ஆம் வரிசையில், வலைத்தளங்களை அணுகும்போது சான்றிதழைச் சோதிக்காமலே இருந்தது. இன்று இயல்பாகவே சோதிக்கிறது. ஆனால் சோதிக்காதே என்று நாம் கட்டளையிட்டால் வாய்பேசாமல் கீழ்ப்படிகிறது.

அந்த இரண்டு வரிகளால் என்ன நேரும் என்பதைப் பார்ப்போம். பெங்களூரைச் சேர்ந்த சிரோதா நிறுவனத்தின் கைட் கனெக்ட் என்னும் சேவையை எடுத்துக்கொள்வோம். நிரல் வழியே சந்தை விலை பெற விரும்புவோருக்கு அது வெப்சாக்கெட் முகவரி ஒன்றைத் தருகிறது. ஒரு தொடர்பில் 3000 பங்குகள் வரை கேட்கலாம். பங்கு விலைகள் பைசாவில் வரும், நாம்தான் 100ஆல் வகுத்துக்கொள்ளவேண்டும். நிரல் தன்னை யார் என்று அறிவிப்பதற்கு, நிரலுக்குரிய சாவி, அன்றாடம் பெறும் அணுகல் சீட்டு ஆகிய இரண்டையும் அந்த முகவரியின் வாலிலேயே இணைத்து அனுப்பவேண்டும். டி.எல்.எஸ். குழாய்க்குள் செல்வதால் வழியில் எவரும் அதைக் காண இயலாது, முறை சரியானதே. ஆனால் விடுதியிலோ தேநீர்க் கடையிலோ உள்ள வைஃபை வலையில் ஒருவன் நடுவே புகுந்து, "நான்தான் அந்தச் சேவையகம்" என்று தானே எழுதிய சான்றிதழ் ஒன்றை நீட்டுகிறான் என்று வையுங்கள். சோதிக்காதே என்ற கட்டளையுடைய நிரல் அவனோடு முறைப்படி குழாய் அமைத்துக்கொள்ளும். மறையாக்கமும் குறைவின்றி நடக்கும். சாவியும் சீட்டும் அவன் கையில் போய்ச் சேரும். அக்கணக்கின் இருப்புகளைக் கேட்டறிய அதே இரண்டும் போதும். அவன் அப்படியே உண்மைச் சேவையகத்துக்கும் ஒரு தொடர்பு வைத்து, விலைகளை வாங்கி நமக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். பிழை ஒன்றும் திரையில் தோன்றாது. தவறு நேர்ந்ததற்கு அடையாளமே இராது என்பதுதான் இதிலுள்ள பெருங்கேடு.

அப்படியானால் அந்தப் பிழை ஏன் வந்தது? அதைத் தேடுவதுதான் கல்வி. நானும் அந்தத் தம்பியும் உட்கார்ந்து தேடினோம். முதலில் கணிப்பொறியின் கடிகாரத்தைப் பார்த்தோம். சிரிக்காதீர்கள். பழைய கணிப்பொறிகளில் உள்ளே இருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துபோனால், நாள் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். நேற்று வழங்கிய சான்றிதழ் அக்கணிப்பொறிக்கு இன்னும் பிறக்காத சான்றிதழ். பள்ளி ஆய்வுக்கூடங்களில் எந்தத் தளமும் திறக்கவில்லை என்ற முறையீட்டுக்கு இது அடிக்கடி காரணமாவதைக் கண்டிருக்கிறேன். தம்பியின் கடிகாரம் சரியாகவே இருந்தது.

அடுத்தது, நம்பிக்கைப் பட்டியல் பழையதா என்பது. 2021 செப்டம்பர் 30ஆம் நாள், உலகெங்கும் இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனம் முன்பு சார்ந்திருந்த டி.எஸ்.டி. ரூட் சி.ஏ. எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழின் காலம் முடிந்தது. பட்டியலையும் மென்பொருளையும் புதுப்பிக்காத பழைய கருவிகளும் நிரல்களும் அன்று பல இடங்களில் நின்றுபோயின. மருந்து, புதுப்பிப்பது, சோதனையை நிறுத்துவது அன்று. மூன்றாவது, சேவையகம் தன் சான்றிதழை மட்டும் அனுப்பி, இடைநிலைச் சான்றிதழை அனுப்ப மறந்திருப்பது. நடுப்படி இல்லாத ஏணி போன்றது இது; உலாவிகள் விடுபட்ட படியைத் தாமே தேடிக்கொள்வதுண்டு, நிரல்கள் தேடா. ஆகவேதான் உலாவியில் திறக்கும் தளம் நிரலில் திறக்கவில்லை என்ற புதிர் எழுகிறது. சேவையகத்தாருக்குத்தான் இதைத் தெரிவிக்கவேண்டும். நான்காவது, மேக் கணிப்பொறிகளில் பைத்தானை அதன் தளத்திலிருந்து நிறுவினால், சான்றிதழ்களை நிறுவும் ஒரு சிறு கோப்பு உடன் வருகிறது. அதைத் தனியே ஒரு முறை இயக்கவேண்டும். தம்பியிடம் இருந்தது ஒரு நண்பர் கொடுத்த பழைய மேக். கோப்பை இயக்கினோம். அந்த இரண்டு வரிகளையும் அழித்தோம். நிரல் ஓடிற்று. அவருடைய அணுகல் சீட்டையும் அன்றே மாற்றச் சொன்னேன்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நீங்களே அமைக்கும் சேவையகத்துக்கு, நீங்களே எழுதிய சான்றிதழ் இருக்கலாம். அதற்கும் சோதனையை நிறுத்தவேண்டியதில்லை. அந்த ஒரு சான்றிதழின் கோப்பை நம்பத்தக்கது என்று நிரலுக்குச் சொன்னால் போதும். பைத்தானில் அதற்கு ஒரே வரி உண்டு. ஒருவரை நம்புவதற்காக ஊரையே நம்பவேண்டுமா?

திறந்த தொடர்பைக் காப்பது பற்றியும் சிறிது சொல்லவேண்டும். தறியில் பாவு ஏற்றிவிட்டால் நெசவு முடிந்துவிட்டதாக எந்த நெசவாளரும் எண்ணமாட்டார். இழை அறும், பார்த்து முடியவேண்டும். நெடுநேரம் ஒன்றும் பேசாத தொடர்பை இடையிலுள்ள கருவிகள் இறந்ததாகக் கருதி அறுத்துவிடுவதுண்டு. அதனால் ஒரு முனை "பிங்" என்று தட்டும். மறுமுனை "பாங்" என்று விடை தரவேண்டும். பைத்தானின் வெப்சாக்கெட்ஸ் நூலகம் 20 நொடிக்கு ஒரு முறை தானே தட்டுகிறது. முன் சொன்ன விலைச் சேவையோ, அனுப்ப விலை இல்லாதபோதும் சில நொடிக்கு ஒரு முறை ஒற்றைப் பைட்டை அனுப்பி உயிரைக் காட்டுகிறது. அந்த ஒரு பைட்டையும் விலையென்று எண்ணிப் பிரிக்க முயலும் நிரல் தடுக்கி விழும், கவனியுங்கள். முறையாக விடைபெற்று மூடினால் 1000 என்ற எண் கிடைக்கும். 1006 என்று கண்டால், விடைபெறாமலே தொடர்பு அறுந்தது என்று பொருள். அறுந்தவுடன் மூச்சுவிடாமல் மீண்டும் மீண்டும் தட்டாதீர்கள். ஒரு நொடி, இரண்டு நொடி, நான்கு நொடி என்று இடைவெளியைப் பெருக்கிக்கொண்டே முயலுங்கள். ஆயிரம் நிரல்கள் ஒரே நொடியில் கதவை இடித்தால், அப்போதுதான் எழுந்த சேவையகம் மீண்டும் படுத்துவிடும்.

இன்று மாலை செய்து பார்க்க ஒரு பயிற்சி தருகிறேன். உங்கள் கணிப்பொறியிலேயே, வந்த சொல்லை அப்படியே திருப்பி அனுப்பும் சிறு சேவையகம் ஒன்றை எழுதுங்கள். பத்து வரி போதும். முதலில் பூட்டில்லாத முகவரியில் அதனோடு பேசுங்கள். பிறகு நீங்களே ஒரு சான்றிதழ் எழுதி, டபிள்யூ.எஸ்.எஸ். முகவரியில் பேச முயலுங்கள். நிரல் மறுக்கும். அந்தப் பிழைச் செய்தியை முழுவதும் படித்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். சான்றிதழின் கோப்பை நம்பத்தக்கது என்று சொல்லுங்கள், திறக்கும். பின்னர்ச் சான்றிதழில் வேண்டுமென்றே வேறொரு பெயரை எழுதி மீண்டும் முயலுங்கள். இம்முறை வரும் பிழைச் செய்தி முன்னதிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்று பாருங்கள்.